சப்பாத்திக் கட்டை நுழையும் இடைவெளி

அக்டோபர் 6, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி இன்றைக்கே எழுதி வைத்துவிடுகிறேன். நாளைக்கு என் மனைவி சுலோச்சனா இதை வேறு மாதிரி சொல்வாள், கோயமுத்தூர் முழுக்க அதைத்தான் நம்பும்.

மருதமலையில் சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டி என் செவலை. எழுபத்து மூன்றாம் வருடத்து பியட் கார். செவலைக் காளையின் நிறம் என்பதால் அந்தப் பெயர். நான் வாங்கிய நாளிலிருந்து என் கையைத் தவிர வேறு கை அதன் ஸ்டீயரிங்கில் பட்டதில்லை. வடவள்ளித் திருப்பத்தில் இடது பக்கம் ஒடித்தேன். பாதி ஒடிந்தது. கை கீழே இறங்கி வரும் இடத்தில் ஏதோ தடுத்தது. வண்டி நேராகப் போய் ஓர் இளநீர்க் குவியலில் ஏறி நின்றது.

யாருக்கும் அடியில்லை. இளநீர்க்காரர் புளியமரத்துக்குப் பின்னால் ஓடிப்போய் நின்றுகொண்டார். காய்கள்தான் ரோடு முழுக்க உருண்டன. சுலோச்சனா பதறவே இல்லை. ஸ்டீயரிங்குக்கும் என் சட்டைக்கும் நடுவில் ஒரு விரலை விட்டுப் பார்த்தாள். விரல் நுழையவில்லை.

"ஏனுங்க, தடுத்தது உங்க தொப்பைங்க" என்றாள்.

அபாண்டம். அந்தச் சட்டைக்குப் பொத்தான் கொஞ்சம் தடிமன்.

அக்டோபர் 7, திங்கள்

காலையிலேயே மச்சினன் குழந்தைவேலு வந்து இறங்கிவிட்டான். அக்காள் போன் போட்டிருக்கிறாள். அவனுக்குச் செவலை மேல் ரொம்ப நாளாகக் கண். எப்போது வந்தாலும் சந்தையில் மாடு பிடிக்க வந்தவன் மாதிரி பானெட்டைத் தடவிக்கொண்டே சுற்றி வருவான்.

சுலோச்சனா சமையலறையிலிருந்து சப்பாத்திக் கட்டையோடு வந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்துவிட்டேன்.

"தைப்பொங்கலன்னிக்கு ஸ்டீயரிங்குக்கும் உங்க வயித்துக்கும் நடுவால இந்தக் கட்ட தாராளமா போயி வரோணும். போச்சுன்னா வண்டி உங்களுது, நான் வாயத் தொறக்க மாட்டேன். போகலீன்னா, நான் கையக் காட்டற ஆளுகிட்டச் சாவியக் குடுத்துப்போடோணும். சம்மதமுங்களா?"

கையைக் காட்டும் ஆள் யாரென்று கேட்கவா வேண்டும்? குழந்தைவேலு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். "மாமா, நம்மூட்ல ஷெட்டுக்கூடப் போட்டாச்சுங்க" என்றான்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "சம்மதம்" என்று சொல்லித் தொலைத்தேன்.

சீட்டைப் பின்னால் தள்ளி ஏமாற்றக் கூடாதாம். சீட் நகரும் தண்டவாளத்தில் நகப்பூச்சால் சிவப்பாக ஒரு கோடு போட்டுவிட்டாள். அவள் போடாவிட்டாலும் நான் பின்னால் தள்ள முடியாது. தள்ளினால் கிளட்ச் எட்டாது. என் கால் அப்படி.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. சுலோச்சனா இன்று முதல் பஜனை வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். காலை ஆறு மணிக்குக் கிளம்பினாள். நல்ல பழக்கம்தான். ஆனால் பஜனைக்கு எதற்கு ஷூ போட்டுக்கொண்டு போகிறாள் என்று தெரியவில்லை.

நானும் ரேஸ்கோர்ஸில் நடக்க ஆரம்பித்துவிட்டேன். பாதிச் சுற்று.

அக்டோபர் 14, திங்கள்

யோசனை வந்துவிட்டது! நடந்துகொண்டிருக்கும்போதுதான் வந்தது. ஆகவே நடையை இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

இடைவெளி என்றால் இரண்டு கரை உண்டு. ஒரு பக்கம் வயிறு, மறு பக்கம் ஸ்டீயரிங். வயிறுதான் உள்ளே போக வேண்டும் என்று அவள் சொன்னாளா? சொல்லவில்லை. ஸ்டீயரிங் சின்னதானாலும் கட்டை நுழையும். பஞ்சாலை ஸ்டோரில் இருபத்தெட்டு வருடம் மேனேஜராக இருந்தவனிடம் கெடு வைக்கிறவர்கள் வாசகத்தைக் கொஞ்சம் பார்த்து வைக்க வேண்டும்.

அக்டோபர் 16, புதன்

ஆவாரம்பாளையத்தில் ஆரோக்கியசாமி மேஸ்திரியைப் போய்ப் பார்த்தேன். ஃபவுண்டரிகளுக்கு மரத்தில் பேட்டர்ன் செய்து தருகிறவர். பம்பின் உடம்போ, மோட்டாரின் மூடியோ, எதை வார்ப்பதானாலும் முதலில் இவர் மரத்தில் செய்து கொடுக்க வேண்டும். அதை மண்ணில் பதித்து அச்செடுத்துத்தான் இரும்பை உருக்கி ஊற்றுவார்கள்.

"ஸ்டீயரிங்கு இதுவரைக்கும் செஞ்சதில்லீங்ணா" என்றார். "ஆனா வட்டம் எங்க போனாலும் வட்டந்தானுங்களே."

உள்ளே இரும்பு வளையம். அதன் மேலும் கீழும் தேக்கு மரத்தையும் ஈட்டி மரத்தையும் துண்டு துண்டாக அறுத்து, செங்கல் கட்டுகிற மாதிரி இணைப்பு மாற்றி மாற்றி ஒட்டி, பிறகு கடைந்து வழவழப்பாக்க வேண்டுமாம். ஸ்டீயரிங் தண்டில் மாட்டுகிற நடுக்குடத்துக்கு உக்கடத்தில் பழைய சாமான் கடையில் பார்க்கச் சொன்னார். அதனால் வண்டியில் இருப்பதை இப்போதைக்குக் கழற்ற வேண்டாம். வீட்டில் யாருக்கும் துளி சந்தேகம் வராது.

பழையது பதினாறு அங்குலம். கணக்குப் போட்டேன். பதினாலு அங்குலத்துக்குச் செய்தால் கட்டை நுழைந்து, ஒரு மயிரிழை மிச்சமும் இருக்கும். என் டேப்பை எடுத்தேன், அது நைந்து போயிருந்தது. மேஸ்திரியிடம் கெட்டியான ஸ்டீல் ஸ்கேல் ஒன்று இருந்தது.

"இது எங்க தொழிலு ஸ்கேலுங்ணா. உருக்கி ஊத்துன இரும்பு ஆறுச்சுன்னா சுருங்குமில்லீங்களா? அதுக்காக இதுல அடிக்கு ஒரு நூலு..."

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து டீக்கடையில் போண்டா இறக்கினார்கள். மீதி காதில் விழவில்லை. "உங்க ஸ்கேல்லயே அளந்து செய்யுங்க மேஸ்திரி, அதுதான் சுத்தமா இருக்குது" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

மூன்று போண்டா. மத்தியானச் சோற்றில் ஒரு கரண்டி குறைத்துக்கொண்டதால் கணக்கு சரியாகிவிட்டது.

அக்டோபர் 25, வெள்ளி

செவலைக்கு என்னவோ ஆகிவிட்டது. மார்க்கெட்டுக்குப் போகலாம் என்று ஏறி உட்கார்ந்தால் ஸ்டீயரிங் வயிற்றில் குத்துகிறது. குனிந்து பார்த்தேன். சிவப்புக் கோட்டைத் தாண்டி நாலு பல் முன்னால் நிற்கிறது சீட்! யாரும் தொடாமல் சீட் தானாக ஊர்ந்து வருகிறதென்றால் தண்டவாளம் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். கண்ணாடியும் கீழே சாய்ந்து கிடந்தது. அதன் திருகும் போச்சு.

பெட்ரோலும் நிற்பதில்லை. டேங்கில் கசிவு இருக்க வேண்டும். தரையில் எண்ணெய்ச் சொட்டு இல்லை, மல்லிகைப் பூ ஒன்றுதான் கிடந்தது. ஆயுத பூஜைக்குச் சாத்திய மாலையிலிருந்து உதிர்ந்திருக்கும். இத்தனை நாளாகியும் வாடவில்லை, நல்ல பூ.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. மைசூர்பா. இன்று எதுவும் எழுதுவதாக இல்லை.

நவம்பர் 9, சனி

ஒவ்வொரு நாளும் மத்தியானம் பஸ்ஸில் ஆவாரம்பாளையம் போய் வருகிறேன். "எங்கீங்க போறீங்க?" என்று சுலோச்சனா ஒரு நாளும் கேட்பதில்லை. "எத்தன மணிக்கு வருவீங்க?" என்று மட்டும் கேட்கிறாள். எவ்வளவு அக்கறை! சோறு ஆறிவிடக் கூடாது என்று இருக்கும்.

மரமெல்லாம் ஒட்டியாகிவிட்டது. பிடி வழுக்காமல் இருக்க, பின்பக்கம் விரலுக்கு விரல் பள்ளம் கடையலாம் என்றார் மேஸ்திரி. அதற்கு என் கைப்பிடியின் பதிவு வேண்டுமாம். "சப்பாத்திக்குப் பிசையற மாவு போதுமுங்ணா. ஒரு பைப்புத் துண்டுல சுத்தி, ஸ்டீயரிங்கப் புடிக்கற மாதிரி இறுக்கிப் புடிச்சுட்டு அப்படியே கொண்டாங்க."

சுலோச்சனா கோயிலுக்குப் போன நேரத்தில் காரியத்தை முடித்தேன். நாலு விரலும் அச்சாகப் பதிந்தன. நாளைக் காலையில் எடுத்துப் போகலாம் என்று பிரிட்ஜில் தயிர்ப் பாத்திரத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். பழைய மில் ஸ்டோரில் ஒரு போல்ட்டைக்கூட யாரும் என் கண்ணில் மண்ணைத் தூவி எடுத்ததில்லை. ஒளித்து வைப்பதும் கண்டுபிடிப்பதும் எனக்குக் கைவந்த கலை.

நவம்பர் 10, ஞாயிறு

காலையில் பூரி. கேட்காமலேயே சுட்டுப் போட்டாள். "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்று பக்கத்திலேயே நின்று பரிமாறினாள். முகத்தில் ஒரு சிரிப்பு வேறு. கெடுவை மறந்துவிட்டாள் போலிருக்கிறது, பாவம்.

பிரிட்ஜில் மாவு வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. துண்டில் சுற்றி மேஸ்திரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்ணா, உங்க விரலு இத்தன ஒல்லியா?"

எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. உடம்பு நுனியிலிருந்துதான் இளைக்க ஆரம்பிக்கும் போலிருக்கிறது. இந்த வேகத்தில் வயிற்றுக்கு வந்து சேர எத்தனை நாளாகிவிடப் போகிறது? அந்தச் சந்தோஷத்தில் இரண்டு போண்டா.

நவம்பர் 22, வெள்ளி

சுலோச்சனாவுக்குக் கால் வலியாம். இடது கால் மட்டும். பஜனையில் தாளம் போடுவது இடது காலால்தான் போலும். தைலம் தேய்த்துவிட்டேன்.

சீட் மறுபடியும் முன்னால்.

டிசம்பர் 8, ஞாயிறு

குழந்தைவேலு வந்து சீட் கவருக்கு அளவெடுத்துக்கொண்டு போனான். என் கண்ணெதிரில்! "நீலம் நல்லா இருக்குங்களா மாமா, பச்சை நல்லா இருக்குங்களா?" என்று என்னிடமே கேட்கிறான்.

அவன் போன பிறகு வண்டிக்குள் தனியாகப் போய் உட்கார்ந்தேன். சாவியைக் கொடுத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வேன் என்று நினைத்துப் பார்த்தேன். மருதமலைக்குப் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் ஒரு பக்கம், சுலோச்சனா ஒரு பக்கம் நிற்போம். முன் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டே அவளோடு வம்பளப்பது இனிமேல் இருக்காது. வீட்டுக்குள் நாங்கள் அவ்வளவு பேசிக்கொள்வதில்லை. செவலையில் ஏறினால்தான் பேச்சு வரும். அழுகை வந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை.

போண்டாவை நிறுத்திவிட வேண்டும்.

டிசம்பர் 9, திங்கள்

ஒன்றுதான்.

டிசம்பர் 20, வெள்ளி

சுலோச்சனா லட்டுப் பெட்டியோடு வந்தாள். பஜனை வகுப்பில் தேறிவிட்டாளாம். பஜனைக்குப் பரீட்சை வைப்பார்கள் என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். யாரோ ஆபீசர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாராம். "பயமா இருந்துச்சுங்க, ஆனா ஒரு எடத்துலயும் இடிக்கலீங்க" என்றாள். தாளம் இடிக்கவில்லை என்கிறாள். வாழ்த்துச் சொல்லி லட்டை வாங்கிக்கொண்டேன்.

ஜனவரி 12, ஞாயிறு

ஸ்டீயரிங் வந்தாயிற்று! அடடா, என்ன அழகு! தேக்குக்கும் ஈட்டிக்கும் நடுவில் கோடு கோடாக ஓடுகிறது. நடுவில் உக்கடத்தில் வாங்கிய ஹார்ன் பொத்தானைப் பதித்துவிட்டார். மேஸ்திரி துணியை விலக்கிக் காட்டியபோது நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். முழுதாகக் கட்ட முடியவில்லை, நடுவில் வயிறு இருந்தது.

சுலோச்சனா தங்கை வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில் இரண்டு பேருமாக மாட்டினோம். மேலே ஒரு பழைய துண்டைப் போட்டு மூடிவிட்டேன்.

இரண்டு சின்னக் குறை. ஒன்று, நின்ற இடத்தில் திருப்பினால் கல்லுரல் மாதிரி கனக்கிறது. இன்னொன்று, விரல் பள்ளங்களில் என் விரல் உட்காரவில்லை. இரண்டு விரலை வைத்தால் மூன்றாவது மேட்டில் ஏறுகிறது. மார்கழிப் பனியில் மரம் ஊதியிருக்கும் என்றேன். மேஸ்திரி என் கையையும் பள்ளத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

பொங்கல் பொங்கியது. பூஜை முடிந்தது. குழந்தைவேலு பச்சை சீட் கவரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். சுலோச்சனா கட்டையைக் கையில் எடுத்தாள்.

நான் செவலையில் ஏறி, சிவப்புக் கோட்டுக்கு நேராகச் சீட்டை நிறுத்தி, ஜம்பமாகத் துண்டை உருவினேன். குழந்தைவேலு "அட!" என்று வாயைப் பிளந்தான். சுலோச்சனா ஆச்சரியப்படவே இல்லை. "மரம் நல்லாப் பளபளன்னு இருக்குதுங்க" என்றாள், அவ்வளவுதான். "மெதுவா மூச்ச விட்டுட்டு உக்காருங்க. இழுத்துப் புடிக்கறதெல்லாம் கணக்குல வராது."

மூச்சை விட்டேன். கட்டை மேலேயிருந்து இறங்கியது. பாதி வரைக்கும் வெண்ணெயில் கத்தி போனது போலப் போனது. பிறகு நின்றது. அவள் ஆட்டிப் பார்த்தாள். கையை எடுத்தாள். கட்டை விழவில்லை! யாரும் பிடிக்காமலேயே ஸ்டீயரிங்குக்கும் எனக்கும் நடுவில் செருகிக்கொண்டு ஜம்மென்று நின்றது.

"இருக்கவே இருக்காது! நான் அளவு கொடுத்துச் செஞ்சது!" என்று கத்தினேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே மேஸ்திரிக்குப் போன் போட்டேன். எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தேன், அதுதான் நான் செய்த தப்பு.

"பதினாலு அங்குலம்தான மேஸ்திரி?"

"பதினாலேதானுங்ணா. நீங்க சொன்ன மாதிரி என்ற ஸ்கேல்லதான் அளந்தேன். அடிக்கு ஒரு நூலு கூட வரும்னு அன்னிக்கே சொன்னனுங்களே. வயித்துப் பக்கம் ஒரு அரை நூலு பெருசா இருக்குமுங்ணா. நாங்க எது செஞ்சாலும் கை அந்த ஸ்கேலுக்குத்தானுங்க போவுது. ஏனுங்ணா, எதாச்சும் இடிக்குதுங்களா?"

மர ஸ்டீயரிங் எந்த உலையில் உருகி எப்போது சுருங்கப் போகிறது? அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, அந்த அரை நூலில் போச்சு எல்லாம்!

"அரை நூலுங்களா?" என்றாள் சுலோச்சனா. "அது ஒரு போண்டாவோட தோலுக்குக் காணாது." ஆவாரம்பாளையத்துப் போண்டா இவளுக்கு எப்படித் தெரியும்?

இறங்கினேன். சாவியை எடுத்தேன். குழந்தைவேலு இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு வந்தான், பிரசாதம் வாங்குகிறவன் மாதிரி.

"இர்றா, உனக்கெதுக்கு அவசரம்?" என்றாள் அவன் அக்காள். "நான் கையக் காட்டற ஆளுகிட்டன்னுதான சொன்னேன்? உன்ற பேர எங்கியாச்சும் சொன்னனா?"

வலது கையைத் தூக்கித் தன் நெஞ்சு மேலேயே வைத்துக் காட்டினாள். பர்ஸிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினாள். டிரைவிங் லைசென்ஸ். போட்டோவில்கூடச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

குழந்தைவேலுவும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். என் வாழ்நாளில் முதல்முறையாக அவன் மேல் எனக்குப் பரிதாபம் வந்தது.

அவள் ஏறி உட்கார்ந்தாள். குனிந்துகூடப் பார்க்கவில்லை. கை தானாகப் போய் நெம்புகோலைப் பிடிக்க, சீட் 'சரக்'கென்று நாலு பல் முன்னால் போய் நின்றது. கண்ணாடியைக் கீழே சாய்த்தாள். தண்டவாளத்தில் தேய்மானம் எதுவும் இல்லை என்று இப்போது தெரிகிறது. பிறகு ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். நாலு விரலும் நாலு பள்ளத்தில் அளவெடுத்த மாதிரிப் போய் உட்கார்ந்தன.

"சுலோ, அது என்ற கைப்பதிவு!"

"உங்க பதிவு எங்கன்னு கேக்கறீங்களா? அன்னிக்கே பூரி போட்டாச்சுங்க. நீங்கதான் ஒன்னு விடாம சாப்பிட்டீங்க. வேற மாவு பெசஞ்சு என்ற கையப் புடிச்சு வச்சேன். எப்படியும் நான் ஓட்டப் போற வண்டிக்குத்தான செய்யறீங்க, எதுக்கு வீணாப் போகோணும்?"

மில் ஸ்டோரில் இவள் வேலை பார்த்திருந்தால் போல்ட்டென்ன, மில்லையே கொண்டுபோயிருப்பாள்.

"ஏறுங்க, மருதமலைக்குப் போயிட்டு வரலாம்" என்றாள். இடது பக்கக் கதவைத் திறந்து ஏறினேன். வாங்கிய நாளிலிருந்து அந்தப் பக்கம் நான் உட்கார்ந்ததே இல்லை. குழந்தைவேலு சீட் கவரோடு பின்னால் ஏறிக்கொண்டான். வாசலில் திருப்பும்போது, "ரொம்பக் கனக்கும், பாத்து" என்றேன். "நின்னுட்டுத் திருப்புனாத்தாங்க கனக்கும். உருண்டுக்கிட்டே திருப்போணும்" என்றாள். உருண்டுகொண்டே திருப்பினாள். திரும்பியது.

வடவள்ளித் திருப்பம் வந்தது. இளநீர்க்காரர் தூரத்திலேயே செவலையைப் பார்த்துவிட்டார். தள்ளுவண்டியைப் புளியமரத்துக்குப் பின்னால் கொண்டுபோக ஒரே ஓட்டமாக ஓடினார். சுலோச்சனா அவர் நின்றிருந்த இடத்துக்குப் பக்கத்தில், ஒரு கை இடம் விட்டு, பூ வைத்த மாதிரி நிறுத்தினாள். மரத்துக்குப் பின்னாலிருந்து தலை எட்டிப் பார்த்தது. ஓட்டுகிற சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் ஓட்டுகிற சீட்டைப் பார்த்தார். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு பழைய இடத்துக்கே வந்தார்.

"அம்மிணி ஓட்டறதா இருந்தாப் பயமில்லீங்க" என்றார், என்னைப் பார்த்துக்கொண்டே.

மூன்று இளநீர் குடித்தோம். வீடு வந்து சேரும்வரை அவள் வாய் ஓயவில்லை. எட்டுப் போட்டது, முதல் நாள் ஒரு எருமையிடம் மாட்டிக்கொண்டது, நான் வீதி முனை தாண்டியதும் தினமும் செவலையைக் கிளப்பியது, ஒரு நாள் ஆவாரம்பாளையம் வரைக்கும் ஓட்டி வந்து மேஸ்திரி பட்டறையையும் என் போண்டாவையும் பார்த்துவிட்டுப் போனது என்று எல்லாவற்றையும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். இதை எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன், ஆனால் எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

ஜனவரி 15, புதன்

இன்று செவலையில் இடது பக்கம் உட்கார்ந்து, சப்பாத்திக் கட்டையை வயிற்றுக்கு முன்னால் பிடித்துப் பார்த்தேன். எதிலும் இடிக்காமல் தாராளமாகப் போய் வருகிறது. ஆகவே கெடுவில் நான் தோற்றதாக யாரும் சொல்ல முடியாது.